நாளம் பக்குவப்படும் வரை

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலில் பொறுமையே முதற்பாடம். அச்சில் ஊற்றிய மண்குழம்பின் நீரை அச்சு உறிஞ்ச வேண்டும், எடுத்த கலம் நிழலில் உலர வேண்டும், அதன்பின்னரே சூளை. ஈரம் காயாத கலம் தீயில் வெடித்துவிடும். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸை நம்பி வாழ்வோரின் கையிலும் இவ்வாறு பக்குவப்பட வேண்டிய ஒன்று உண்டு.

செயற்கைச் சிறுநீரகத்தை 1943-இல், போர்க்கால நெதர்லாந்தின் காம்பன் நகரில் உருவாக்கியவர் வில்லம் கோல்ஃப். 1945-இல் அக்கருவி முதன்முறையாக ஓர் உயிரைக் காத்தது. ஆயினும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் புதிதாக ஓர் இரத்தக் குழாயைத் திறக்க வேண்டியிருந்ததால், நாட்பட்ட நோயாளிக்கு அது நெடுநாள் உதவவில்லை. இயந்திரம் இருந்தது, இரத்தத்திற்கு வாசல் இல்லை.

1960-இல் சியாட்டில் நகர மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர், தமனியையும் சிரையையும் தோலுக்கு வெளியே டெஃப்லான் குழாயால் இணைத்தார். அவருடைய முதல் நோயாளி பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார். நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் 1960-களின் தொடக்கத்திலேயே டயாலிசிஸ் தொடங்கியது. எனினும் வெளிக்குழாயில் இரத்தம் உறைவதும் கிருமி தொற்றுவதும் ஓயவில்லை.

1966-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த பிரெசியா, சிமினோ, ஆப்பெல், ஹர்விச் ஆகியோர் எளிய வழியொன்றை வெளியிட்டனர். மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் தோலுக்குள்ளேயே தைத்து இணைப்பதே அது. இதனையே ஃபிஸ்டுலா என்கிறோம். தமனியின் வேகமான ஓட்டத்தால் மெல்லிய சிரை சில வாரங்களில் விரிந்து தடிக்கிறது. ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அகலமும், நிமிடத்திற்கு 600 மில்லிலிட்டர் ஓட்டமும் பெற்றால் ஊசியேற்றத் தகுதி பெறும்.

எல்லோருக்கும் அவ்வாறு நிகழ்வதில்லை. 877 நோயாளிகளைக் கொண்டு 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் மூவருக்கு ஃபிஸ்டுலா பயன்படும் நிலையை எட்டவில்லை. இணைப்பின் அருகே சிரை குறுகிவிடுவது இதற்கு முக்கியக் காரணம். அத்தகைய ஃபிஸ்டுலாவைக் கைவிட்டு வேறிடத்தில் வெட்டுவதென்றால், உடலில் அதற்குரிய இடங்கள் சிலவே. அதுவரை கழுத்தில் பொருத்தும் குழாயோ, கிருமித் தொற்றின் அபாயம் மிகுந்தது.

இங்கே துணைக்கு வந்தது வேறொரு மரபு. 1964-இல் சார்லஸ் டாட்டர் என்பவர் காலில் அடைபட்ட தமனியை அறுவையின்றித் திறந்தார். சூரிக் நகரின் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் 1974-இல் கால் தமனியிலும், 1977-இல் இதயத் தமனியிலும் பலூனைச் செலுத்தி விரித்தார். பிற்காலத்தில் அதே பலூன் ஃபிஸ்டுலாவுக்கும் பயன்பட்டது. மெல்லிய கம்பியின்மீது செலுத்தப்படும் பலூன், குறுகிய இடத்தில் விரிந்து பாதையை அகலமாக்குகிறது. மீண்டும் குறுகலாம், மறுமுறையும் தேவைப்படலாம். எனினும் பயனற்றதெனக் கருதப்பட்ட பல ஃபிஸ்டுலாக்கள் இதனால் பிழைத்துள்ளன.

2016-இல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டம் இயந்திரத்தை மாவட்ட மருத்துவமனைகளுக்குக் கொண்டுவந்தது. வாசலைக் காப்பதில் நோயாளிக்கும் பங்குண்டு. நாள்தோறும் ஃபிஸ்டுலாவின்மீது விரல் வைத்து அதிர்வை உணர வேண்டும். அக்கையில் இரத்த அழுத்தம் பார்க்கவிடலாகாது. அதிர்வு நின்றாலோ குறைந்தாலோ உடனே மருத்துவரை அணுக வேண்டும். ஆறு வாரங்களாகியும் சிரை தடிக்காவிடில் காரணம் கேட்க வேண்டும்.

சூளையில் வெடித்த கலம் மீண்டும் மண்ணாவதில்லை. பக்குவப்படாத நாளத்திற்கோ, காலத்தே கண்டறிந்தால், இன்னொரு வாய்ப்பு உண்டு.