பத்து ராகம், ஒரு டிஸ்கோ பீட், ஒரு கல்யாண வீடு

"ஆடுறதுக்கு நல்ல ஹவுஸ் மியூசிக் ஆல்பம் சொல்லுங்க"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். 1982-ல் பம்பாயில் வந்த ஆல்பம் அது.

சரண்ஜித் சிங் இந்தி சினிமா இசைக்குழுக்கள்ல கிடாரும் கீபோர்டும் வாசிச்சவர். சொந்தக் குழு வெச்சு கல்யாணக் கச்சேரியும் பண்ணுவார். சிங்கப்பூர்ல ரோலண்ட் கம்பெனியோட புது மெஷின்களை வாங்கினார். டிஆர்-808 தாளத்துக்கு, டிபி-303 பாஸுக்கு, ஜூபிடர்-8 மெட்டுக்கு. ஹிந்துஸ்தானி ராகங்கள் பத்தை எடுத்து, கீழே நிற்காம அடிக்கிற டிஸ்கோ பீட்டைப் போட்டார். ஆல்பத்துக்குப் பேரே 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. ஆனா விற்கல. அப்படியே மறந்துபோச்சு.

இப்போ சிகாகோ போவோம். 1977-ல் திறந்த வேர்ஹவுஸ் கிளப்ல ஃபிராங்கி நக்கிள்ஸ் டிஜே. கறுப்பின இளைஞர்களும் தன்பாலின ஈர்ப்பாளர்களும் விடிய விடிய ஆடின இடம் அது. 'ஹவுஸ்'ங்கற பேரே அந்த கிளப் பேர்ல இருந்து வந்ததுன்னு சொல்வாங்க. அதே டிபி-303 கடைகள்ல விலைபோகாம, செகண்ட் ஹேண்டா மலிவா கிடைச்சது. ஃபியூச்சர்ங்கற குழு அதோட குமிழ்களைத் திருகித் திருகி ஒரு நெளியற சத்தத்தைப் பிடிச்சாங்க. 1987-ல் 'ஆசிட் டிராக்ஸ்' வெளியாச்சு. ஆசிட் ஹவுஸ் பிறந்தது.

2010-ல் ஒரு டச்சு சேகரிப்பாளர் சரண்ஜித் சிங்கோட ஆல்பத்தை மறுபடி வெளியிட்டார். கேட்டவங்க அசந்துட்டாங்க. அஞ்சு வருஷம் முன்னாடியே அதே நெளியற சத்தம்! உடனே "ஹவுஸ் மியூசிக்கைக் கண்டுபிடிச்சது இந்தியாதான்"னு பேச்சு கிளம்பிடுச்சு.

எனக்கு அதுல உடன்பாடு இல்லை. ரெண்டு பக்கமும் ஒரே மெஷின் இருந்தது, அவ்வளவுதான். சிகாகோக்காரங்க கையில இந்த ரெக்கார்டு போய்ச் சேர்ந்ததுக்கு ஆதாரம் இல்லை. அவங்களுக்கு இருந்தது, ராத்திரி முழுக்க ஆடின ஒரு கூட்டம். சத்தம் ஒரு இசை வகையா வளர்றது அந்தக் கூட்டத்தாலதான். சரண்ஜித்துக்கு அந்தக் கூட்டம் எழுபது வயசுக்கு மேலதான் கிடைச்சது. ஐரோப்பிய மேடைகள்ல வாசிச்சார். 2015-ல் காலமானார்.

போன மாசம் பழவேற்காட்டுல, கோட்டைக்குப்பத்துல, என் சித்தப்பா பொண்ணு கல்யாணம். ராத்திரி சினிமா குத்துப்பாட்டுக்கு நடுவுல, மைக்செட் அண்ணன்கிட்ட கெஞ்சி இந்த ஆல்பத்துல இருந்து பூபாளியைப் போடச் சொன்னேன். முதல் நிமிஷம் யாரும் அசையல. எனக்கு வேர்த்துப்போச்சு. அப்புறம் பசங்க ரெண்டு பேர் தோளை ஆட்ட ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நேரத்துல பந்தல் முழுக்க ஆட்டம். ஓரமா உட்கார்ந்திருந்த நாயனக்காரர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இது நம்ம மோகனம்தானே?"

ஆமாங்க. அங்க பூபாளி, இங்க மோகனம். அதே மாதிரி மால்கௌன்ஸ் நமக்கு ஹிந்தோளம், யமன் நமக்குக் கல்யாணி.

அதனால, காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு "யார் முதல்ல?"ன்னு சண்டை போடாதீங்க. பெரிய ஸ்பீக்கர்ல, நாலு பேரோட கேளுங்க. பூபாளியில ஆரம்பிங்க. அது பிடிச்சா, அடுத்து டாஃப்ட் பங்கோட 'ஹோம்வொர்க்', 1997. அதுல 'டீச்சர்ஸ்'னு ஒரு டிராக்ல தங்களோட ஆசான்களைப் பேர் பேரா சொல்லியிருக்காங்க. சிகாகோக்காரங்க நிறைய பேர் அதுல வர்றாங்க.

ஆடிட்டு வந்து சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.