நட்பும் சுங்கத் தீர்வையும்

2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசாங்கம், இந்தியாவிலிருந்து செல்லும் பண்டங்கள் பலவற்றின்மீது இறக்குமதித் தீர்வையை 50 சதவீதமாக உயர்த்திற்று. திருப்பூரிலே உற்றார் உறவினரை உடையவர்களாகிய நம்மில் பலர், நட்பு நாடென்று மேடைதோறும் பேசிவிட்டுத் துறைமுகத்திலே கதவடைப்பது எவ்வகை நட்பு என்று அப்போது வியந்தோம். வியப்புக்கு இடமில்லை. நாம் குடியேறி வாழ்கின்ற இந்தப் பெங்களூர் நகரமே அத்தகையதொரு நட்பின் கணக்கு வழக்கிலே வளர்ந்த நகரந்தான். அந்தக் கணக்கைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போர்க்களத்தில் மாண்டார். வென்ற கிழக்கிந்தியக் கம்பெனியார் நாட்டைக் கூறு போட்டனர். மங்களூரை உள்ளிட்ட கன்னடக் கடற்கரையும், கோயமுத்தூர்ச் சீமையும், வயநாடும் கம்பெனியாரைச் சேர்ந்தன. எஞ்சிய நாட்டின் பெரும்பகுதி பழைய உடையார் மரபின் இளவரசர், அப்போது சிறு பிள்ளையாயிருந்த மூன்றாம் கிருஷ்ணராஜரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் வந்த பூசல்களுக்கெல்லாம் வித்து இந்தப் பிரிவினையிலேயே இருக்கிறது. திப்புவின் காலத்தில் மைசூர் கடலைத் தொட்ட நாடு. மஸ்கட்டிலே அதற்குப் பண்டகசாலை இருந்தது. மிளகையும் சந்தனக் கட்டையையும் அரசே நேரில் விற்றது. 1799க்குப் பிறகு அந்நாட்டுக்கு ஒரு துறைமுகமும் இல்லை. துறைமுகம் இல்லாத நாட்டுக்குக் கடல் சுங்கம் ஏது?

அதே ஆண்டு ஜூலை 8ஆம் நாள் கையொப்பமான உடன்படிக்கை, இரு தரப்பாரும் என்றென்றும் நண்பர்கள் என்று கூறியது. நாட்டைக் காக்கும் படையைக் கம்பெனியார் வைத்திருப்பர். அதற்காக மைசூர் ஆண்டுதோறும் 7 லட்சம் நட்சத்திர வராகன் செலுத்தவேண்டும். ரூபாயில் சொன்னால் இது 24½ லட்சம். இதற்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் ‘சப்ஸிடி’. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் காலில் தைத்த முள். ‘மானியம்’ என்று எழுதினால் வலியவர் எளியவருக்கு ஈந்ததாகப் பொருள்படும். நடந்ததோ அதற்கு நேர்மாறு. ‘திறை’ என்று எழுதலாமெனில், உடையார் மரபினர் அப்போரில் தோற்றவரல்லர். மீண்டும் அரியணை ஏற்றப்பட்டவர். ஆகவே ‘படைப்பணம்’ என்றே இங்கு வழங்குவோம். சொல் சற்றுக் கரடுமுரடாயினும் பொருள் பிழையாது.

சீரங்கப்பட்டணத்துத் தட்பவெப்பம் படையினருக்கு ஒவ்வாமற் போகவே, 1809இல் படை பெங்களூருக்குப் பெயர்ந்தது. அல்சூர் ஏரிக்கு அருகே தண்டு அமைந்தது. சென்னைச் சேனையைச் சேர்ந்த சிப்பாய்களும், அவர்களைத் தொடர்ந்து கடைக்காரரும், தையற்காரரும், கட்டட வேலைக்காரரும், பணியாட்களுமாகத் தமிழர் வந்து குவிந்தனர். நம் முன்னோர் இங்கு வந்த கதையை வறுமையென்றும் வாய்ப்பென்றும் நாம் பலவாறு சொல்லிக்கொள்வதுண்டு. அடியில் இருந்தது உடன்படிக்கையும் அதன் பணமுமே. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தமிழ் ஒலிப்பதற்கு மைசூர்க் குடியானவன் கட்டிய வரியும் ஒரு காரணம் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பணம் தவறினால் என்ன ஆகும் என்பதையும் உடன்படிக்கை சொல்லிவைத்திருந்தது: படைப்பணத்துக்கு ஆபத்து நேருமெனத் தோன்றினால் கம்பெனியார் நாட்டின் நிருவாகத்தில் தலையிடலாம். 1830இல் நகர் சீமையிலே குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டு, கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்க், ஆட்சியை மகாராஜாவின் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். அடுத்த 50 ஆண்டுகள் நட்பு நாட்டை நண்பரே ஆண்டனர்.

அந்த ஆட்சியில் நன்மையே இல்லை என்று சொல்வது நடுவுநிலைமையாகாது. 1834 முதல் 1861 வரை கமிஷனராயிருந்த மார்க் கப்பன் (கப்பன் பூங்காவின் பெயர்க்குரியவர்) சில்லறை வரிகளில் 769 இனங்களை நீக்கினார் என்று மைசூர் கெஜட்டியர் கூறுகிறது. அப்பட்டியலைப் படித்தால் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். திருமணத்துக்கு ஒரு வரி, பிள்ளை பிறந்தால் ஒரு வரி, பெயரிட்டால் ஒரு வரி, முடியிறக்கினால் மற்றொன்று. ஓர் ஊரார், தங்கள் முன்னோர் ஒரு பாளையக்காரரின் தப்பியோடிய குதிரையைத் தேடிக் கொடுக்கவில்லை என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தண்டம் கட்டி வந்தனராம். நகர் சீமையில் ஓரிடத்தைக் கைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளாமல் கடந்தவரும் பணம் கட்டவேண்டியிருந்தது. வழியெங்கும் பண்டங்களை நிறுத்திப் பணம் வாங்கும் உள்நாட்டுச் சாவடிச் சுங்கத்தை வங்காளம் 1836இலும், சென்னை மாகாணம் 1844இலும் ஒழித்தன. உள்நாட்டுச் சாவடிகள் மறைய மறையத் துறைமுகச் சுங்கத்தின் முக்கியத்துவம் ஓங்கியது. அந்தத் துறைமுகங்களோ மைசூரிடம் இல்லை.

1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சம் மைசூரைச் சூறையாடிற்று. 1871இல் 50 லட்சத்துக்கு மேலிருந்த மக்கள் தொகை 1881இல் 42 லட்சத்துக்கும் கீழே போயிற்று. கருவூலம் காலியாகி, இந்திய சர்க்காருக்கு 80 லட்சம் ரூபாய் கடன் ஏறியது. இந்த நிலையிலே, 1881 மார்ச் 25ஆம் நாள், ஆட்சி மகாராஜா சாமராஜேந்திரரிடம் திரும்பவும் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைப்புப் பத்திரத்தில் படைப்பணம் 24½ லட்சத்திலிருந்து 35 லட்சமாக உயர்ந்திருந்தது! சமஸ்தானத்தின் ஆண்டு வருமானம் ஏறக்குறைய 1 கோடியாக இருந்த காலம் அது. பஞ்சத்தை எண்ணி, கூடுதலான 10½ லட்சத்தை முதலில் 5 ஆண்டுகளுக்கும், பின்னர் 1896 வரையும் தள்ளிவைத்தனர். பெங்களூர்த் தண்டுப் பகுதி தனியே பிரிக்கப்பட்டு ஆங்கிலேயர் ஆட்சியில் விடப்பட்டது. முதல் திவான் ரங்காசார்லு, அவருக்குப் பின் 1883 முதல் 1901 வரை திவானாயிருந்த சேஷாத்திரி ஐயர் இருவரும் சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்கள். பற்றாக்குறையை அடைப்பதிலேயே அவர்களின் முதல் ஆண்டுகள் கழிந்தன.

முதல் உலகப் போர் வந்தது. மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜர் போர்ச் செலவுக்கு 50 லட்சம் ரூபாய் நன்கொடை அளித்தார். மைசூர் ஈட்டிக் குதிரைப்படை சூயஸ் கால்வாயைக் காத்தது. 1918 செப்டம்பர் 23ஆம் நாள், ஜோத்பூர்ப் படையுடன் சேர்ந்து ஹைஃபா நகரைப் பிடித்தது. ஜே.சி. நகரில் அவ்வீரர்களின் நினைவுச் சின்னம் இருக்கிறது. அவ்வழியே செல்வோர் கண்டிருக்கலாம்.

போர் முடிந்ததும் பில் வந்தது. 1918 தொடங்கி 5 ஆண்டுகள் இந்திய சர்க்காரின் வரவு செலவுத் திட்டத்தில் தொடர்ந்து பற்றாக்குறை. அதை அடைக்க அவர்கள் எளிதில் கைவைக்கக்கூடிய இடம் துறைமுகம். பொதுவான இறக்குமதித் தீர்வை 1894 முதல் 5 சதவீதமாயிருந்தது. 1916இல் 7½, 1921இல் 11, 1922இல் 15 என ஏறியது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிப் பெங்களூர்ப் பேட்டைக்கு வந்த ஒவ்வொரு பண்டத்தின் விலையிலும் அத்தீர்வை அடங்கியிருந்தது. மைசூர்க் குடிமகன் வாங்கினான். வரி தில்லிக்குப் போயிற்று. அத்தீர்வையை நிறைவேற்றிய மத்திய சட்டசபையில் மைசூருக்கு ஓர் இடங்கூட இல்லை. நேச நாடு என்பதால் படைப்பணம் கேட்டனர். அந்நிய நாடு என்பதால் சட்டசபையில் இடம் தரவில்லை. அந்நாளைய திவான்களின் மனக்குறை இதுவே. நமக்கும் அது நியாயமாகவே தோன்றுகிறது.

கடலுக்கு ஒரு வழி தேடும் எண்ணமும் இருந்தது. விசுவேசுவரய்யா திவானாயிருந்த 1912–1918 காலத்தில் மேற்குக் கரையிலுள்ள பட்கலைத் துறைமுகமாக வளர்த்து இரயில் பாதையால் இணைக்கும் திட்டம் பேசப்பட்டது. பட்கலோ பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்தது. திட்டம் காகிதத்தோடு நின்றது.

1927இல் வைசிராய் இர்வின், 1896இலிருந்து செலுத்தப்பட்டுவந்த அந்த 10½ லட்சக் கூடுதலைக் கைவிடுவதாக அறிவித்தார். அவ்வாண்டு இறுதியில் நியமிக்கப்பட்ட பட்லர் குழு, 1929இல் அளித்த அறிக்கையில், கடல் சுங்கத்தில் பங்கு கேட்கும் சமஸ்தானங்களின் கோரிக்கை வலுவுடையதென ஒப்புக்கொண்டது. வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற திவான் மிர்ஸா இஸ்மாயிலும் இக்குறைகளைக் கொண்டுசென்றார். ஒப்புக்கொள்வது ஒன்று, பணத்தைப் பிரித்துக் கொடுப்பது மற்றொன்று. சுங்கப் பங்கு வரவேயில்லை.

இவ்வளவும் கருவூலங்களுக்கு இடையே நடந்த வழக்கு. குடியானவனின் வீட்டுக்குள்ளே அது நுழைந்தது பட்டின் வழியாக.

சென்னப்பட்டணம், கனகபுரம், இராமநகரம், சிட்லகட்டா வட்டாரங்களில் முசுக்கொட்டை பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்ப்பது திப்புவின் காலத்திலிருந்து வந்த தொழில். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஜப்பானிய நிபுணர்களை வரவழைத்துப் பெங்களூரில் ஒரு பட்டுப் பண்ணை வைத்தார். பசவனகுடிப் பக்கத்தில் அப்பெயர் இன்றும் வழங்குகிறது. ஜப்பான் அப்போது ஆசானாக வந்தது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் போட்டியாளனாக வந்தது. உலக மந்தத்தால் விலைகள் சரிந்தன. 1931 டிசம்பரில் ஜப்பான் பொன் நாணயத் திட்டத்தைக் கைவிடவே யென்னின் மதிப்பு விழுந்தது. சீனப் பட்டும் ஜப்பான் பட்டும் மலிந்து குவிந்தன. மைசூரில் முசுக்கொட்டைப் பரப்பு சுருங்கியது.

தன் எல்லையில் ஒரு தீர்வை போட்டு இதைத் தடுக்க மைசூரால் முடியவில்லை. எல்லை இந்திய சர்க்காருடையது. அவர்கள் கையும் ஓரளவு கட்டுண்டிருந்தது. பிரிட்டனும் ஜப்பானும் 1902 முதல் 1923 வரை நேச நாடுகள். அந்த நட்பின் நாட்களில், 1904இல், இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் ஒரு வர்த்தக ஒப்பந்தம் ஏற்பட்டது. ஏனைய அந்நிய நாட்டுச் சரக்குக்கு உள்ள மிகக் குறைந்த தீர்வையே ஜப்பான் சரக்குக்கும் உரியது என்பது அதன் சாரம். ஜப்பானை மட்டும் தனியே குறிவைத்துத் தீர்வை ஏற்ற வழியில்லை. சென்னப்பட்டணத்துப் பட்டுப்புழு, தோக்கியோவுக்கும் இலண்டனுக்கும் இருந்த பழைய நட்புக்கு இப்படி விலை கொடுத்தது.

லங்காஷயர் துணிக்கு ஆபத்து வந்தபோதோ கட்டு விரைவில் அவிழ்ந்தது. பிரிட்டிஷ் துணிக்கு 25 சதவீதமே தீர்வை. ஏனைய நாட்டுத் துணிக்கு 1932 ஆகஸ்டில் 50, 1933 ஜூனில் 75 சதவீதம். 1904 ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக 1933 ஏப்ரலில் அறிவிப்பும் போயிற்று. ஜப்பான் ஆலைக்காரர் சினந்து, இந்தியப் பஞ்சை வாங்குவதில்லை என்று கட்டுப்பாடு செய்தனர். மிகப் பெரிய வாடிக்கைக்காரர் விலகவே பஞ்சு விளைவித்தோர் தவித்தனர். சிம்லாவிலும் தில்லியிலும் மாதக்கணக்கில் பேசி, 1934இல் உடன்பாடு கண்டனர். ஜப்பான் 10 லட்சம் பேல் பஞ்சு வாங்கினால் 32½ கோடி கெஜம் துணி அனுப்பலாம். 15 லட்சம் பேல் வாங்கினால் 40 கோடி கெஜம் வரை அனுப்பலாம். தீர்வை 50 சதவீதம். பேலுக்குக் கெஜம் என்ற இந்தப் பண்டமாற்றைப் படிக்கையில் நம் சந்தைப்பேட்டைத் தரகர்களே நினைவுக்கு வருகின்றனர்.

பட்டைப்பற்றித் தீர்வை வாரியம் 1933இல் விசாரணை நடத்தியது. மைசூர் தன் வழக்கை மனுதாரராக நின்று எடுத்துரைத்தது. சென்னை மாகாணத்தின் கோயமுத்தூர் ஜில்லாவில் அப்போது சேர்ந்திருந்த கொள்ளேகால் வட்டத்துப் பட்டுக்காரருக்கும் அதே துன்பம். ஆயினும் தமிழ்நாடு முழுவதும் ஒரே பக்கம் நிற்கவில்லை. காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் கும்பகோணத்திலும் சேலத்திலும் தறியில் அமர்ந்தவருக்கு நூல் மலிவாக வேண்டும். புழு வளர்ப்பவருக்கு நூல் விலை ஏறவேண்டும். 1934இல் கச்சாப் பட்டுக்கு 25 சதவீதமும், அதன்மேல் இராத்தலுக்கு 14 அணாவும் தீர்வை விதித்தனர். வாரியம் சொன்னதைவிட இது குறைவு. வளர்ப்பவர் போதாதென்றனர், நெய்பவர் மிகையென்றனர்.

1947 ஜூலையில் பெங்களூர்த் தண்டுப் பகுதி மைசூரிடம் திரும்பியது. ஆகஸ்டில் மைசூர் இந்தியாவுடன் இணைந்தது. படைப்பணத்துக்கு உரிய உடன்படிக்கையும் ஆங்கிலேயரோடு போயிற்று. 1949இல் பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சியாயின. மத்திய பட்டு வாரியமும் அவ்வாண்டே ஏற்பட்டது. பட்டு இறக்குமதிபற்றி மத்திய அரசுக்கு ஆலோசனை கூறுவது அதன் சட்டப்படியான பணிகளுள் ஒன்று. வாரியத்தின் பெயரை நம் நகரத்தார் வண்டி நெரிசலுக்கு மறுபெயராகவே வழங்குகின்றனர்.

வழக்கு மட்டும் ஓயவில்லை. 2003இல் சீனக் கச்சாப் பட்டின்மீது குவிப்புத் தடுப்புத் தீர்வை விதிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் கச்சாப் பட்டு இறக்குமதித் தீர்வை 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. தறிக்காரர் மகிழ்ந்தனர், இராமநகரத்துக் கூட்டுச் சந்தையில் விலை விழுந்து விவசாயிகள் கொதித்தனர். 2013இல் அது 15 சதவீதமாக ஏற்றப்பட்டது. இம்முறை மைசூர் நாட்டார் மனுதாரராக நிற்கவில்லை. பாராளுமன்றத்திலே அவர்களுடைய உறுப்பினர் எழுந்து கேட்டனர். காஞ்சிபுரத்தாரின் உறுப்பினரும் அதே அவையில் அமர்ந்திருந்தனர்.