தப்பான பக்கத்தில் கட்டிய தந்தி

1930-களின் அமெரிக்க நடனக் குழுக்களில் எல்லோரும் பரிதாபப்பட்ட ஓர் ஆள் உண்டு: டபுள் பேஸ் வாசிப்பவர். ஆள் உயர வாத்தியம். அதைக் காருக்குள் திணித்துவிட்டால் ஓட்டுகிறவருக்கு மட்டுமே இடம் மிஞ்சும். மற்றவர்கள் கும்பலாக அரட்டையடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போக, இவர் தன்னந்தனியாகப் பின்னால் வருவார். வந்து சேர்ந்து மேடையேறினாலும், டிரம்பெட்டும் டிரம்ஸும் முழங்கத் தொடங்கியதும் அவர் வாசிப்பது அவருக்கே கேட்காது. சியாட்டிலில் இசைக்குழு நடத்திவந்த பால் டட்மார்க் இந்தக் கண்ணராவியைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல் ஒரு காரியம் செய்தார்.

அந்தப் பூதாகரமான வாத்தியத்தைக் கிட்டார் அளவுக்குச் சுருக்கி, மின்சாரம் பாய்ச்சி, கழுத்தில் ஸ்வரங்களுக்கு எல்லை வகுக்கும் குறுக்குக் கம்பிகளான ஃப்ரெட்டும் பதித்து, மடியில் வைத்து வாசிக்கும்படி செய்துவிட்டார். ஆடியோவாக்ஸ் 736 என்று அதற்குப் பெயர். இன்றைய பேஸ் கிட்டாரின் லட்சணம் அத்தனையும் அதில் இருந்தது. வாங்கத்தான் ஆளில்லை. கடைகளில் தூசி படிந்து, உலகப் போரின் இரைச்சலில் காணாமலே போனது. யோசனைக்கு மட்டும் ஆயுசு கெட்டி.

1951-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடையிலிருந்து கிட்டார் தொழிற்சாலைக்கு முன்னேறியிருந்த லியோ ஃபெண்டர் அதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார். இவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, வாத்தியக்காரர்கள் சொன்ன குறைகளைக் காது கொடுத்துக் கேட்டார். அவருடைய ‘பிரிசிஷன் பேஸ்’ 34 அங்குலத் தந்தி நீளத்தோடு வந்தது. சுருதி மட்டும் டபுள் பேஸிலிருந்து அப்படியே எடுத்தது: கீழிருந்து ஈ, ஏ, டி, ஜி. நான்கே தந்தி. ஏன் நான்கு என்று யாரும் கேட்கவில்லை. பதினான்கு வருடம் கழித்து அந்தக் கேள்வியைக் கேட்டது ஃபெண்டர் தொழிற்சாலையேதான். கேட்டதில் தப்பில்லை, சொன்ன பதிலில்தான் தப்பு.

1965 ஜனவரியில் லியோ தன் நிறுவனத்தை சிபிஎஸ் என்ற ஒலிபரப்புப் பெருநிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். அதே வருடம் ‘பேஸ் ஃபைவ்’ கடைக்கு வந்தது. ஐந்து தந்தி! ஆனால் ஐந்தாவதைக் கட்டிய இடம் மேல் பக்கம், ஜி-க்கும் மேலே ஒரு சி. கை கழுத்தின் கடைசிவரை ஓட வேண்டாமே என்ற நல்ல எண்ணம். தந்தி ஒன்று கூடியதால் இருபது ஃப்ரெட் எதற்கு என்று பதினைந்தோடு நிறுத்தியும்விட்டார்கள். இங்கேதான் வேடிக்கை. பழைய பேஸில் ஜி தந்தியின் இருபதாம் ஃப்ரெட்டில் எந்த ஸ்வரம் பேசுமோ, புதிய பேஸில் சி தந்தியின் பதினைந்தாம் ஃப்ரெட்டிலும் அதே ஈ ஃபிளாட்தான் பேசும். ஒரு தந்திக்குக் கூடுதல் காசு கொடுத்தவருக்கு மேலேயும் ஒரு ஸ்வரம் கூடவில்லை, கீழேயும் கூடவில்லை. வாத்தியக்காரர்களா ஏமாறுவார்கள்? 1970-களின் தொடக்கத்திலேயே அது பட்டியலிலிருந்து மறைந்தது. ஐந்து தந்தி என்றாலே ஆகாத காரியம் என்று முடிவுகட்டிய நேரத்தில், அதற்கான விடை வேறொரு மேடையில் கிட்டத்தட்ட நூறு வருடமாக நின்றுகொண்டிருந்தது.

அது சிம்ஃபனி மேடை. செல்லோ வாசிப்பதை டபுள் பேஸ் ஒரு ஸ்தாயி கீழே பின்தொடர வேண்டும் என்பது அங்கே வழக்கம். செல்லோ சி வரை இறங்கும்; டபுள் பேஸோ ஈ-யில் தட்டி நின்றுவிடும். மிச்சத்தை மேல் ஸ்தாயியில் வாசித்து மழுப்ப வேண்டியதுதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானியர்கள் கீழ்ப் பக்கத்தில் ஐந்தாவது தந்தியைக் கட்டி அந்தச் சங்கடத்தைத் தீர்த்தார்கள். ராக், ஜாஸ் வாசித்தவர்களுக்கு அந்தப் பக்கம் போக்குவரத்தே இல்லை. போக்குவரத்து இருந்த ஒரு வீட்டில்தான் ஜிம்மி ஜான்சன் வளர்ந்தார்.

அவருடைய அப்பா மினசோட்டா ஆர்கெஸ்ட்ராவில் 47 வருடம் டபுள் பேஸ் வாசித்தவர். அண்ணன் தம்பி இருவருமே பேஸ் பிடித்தவர்கள். ஈ-க்குக் கீழேயும் உலகம் உண்டு என்பது அந்த வீட்டில் புதுச்செய்தியாக இருந்திருக்க முடியாது. பேஸ் கிட்டாருக்கும் அந்த உலகம் வேண்டும் என்று ஜிம்மி நினைத்தார். குறுக்கே நின்றது இயற்பியல்.

ஈ தந்தி நொடிக்கு 41 முறை அதிரும். அதற்குக் கீழே அடுத்த தந்தி பி என்றால் 31 முறை. நீளத்தையும் இறுக்கத்தையும் மாற்றாமல் அவ்வளவு கீழே இறங்க, தந்தியின் எடை ஏறக்குறைய 1.8 மடங்காக வேண்டும். சிம்ஃபனி பேஸுக்கு நாற்பது அங்குலத்துக்கு மேல் நீளம் இருப்பதால் கவலையில்லை. இங்கே கிடைப்பது 34. சும்மா தடியாக்கினால் தந்தி தன் வளையும் குணத்தை இழந்து கம்பித் துண்டாகிவிடும். அதன் மேல்சுரங்கள் சுருதி விலகி, எந்த ஸ்வரம் என்றே காதுக்குப் பிடிபடாது. எடையைக் குறைத்தால் துணி காயப்போடும் கொடி மாதிரி தொய்ந்து ஃப்ரெட்டில் படபடவென்று அடிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு தடிமன் இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்து சுற்றிப் பார்க்க ஒரு தந்திக் கம்பெனி வேண்டும். எத்தனை தந்தி விற்கும் என்று கேட்டால், ஒன்று என்பதுதான் அப்போதைய பதில்!

1976-ல் அதிர்ஷ்டம் இரண்டு வாசல் வழியாக வந்தது. கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஒலிக் கலைஞர்களிடமிருந்து முளைத்த அலெம்பிக் நிறுவனம் வாத்தியத்தைச் செய்தது. ஜிஹெச்எஸ் நிறுவனம் பி தந்தியைச் சுற்றிக் கொடுத்தது. முந்தைய வருடமே நியூயார்க்கில் ஆன்டனி ஜாக்சன் என்ற இன்னொருவர் கார்ல் தாம்ப்சனிடம் கீழே பி, மேலே சி என்று ஆறு தந்தி பேஸ் செய்ய வைத்திருந்தார். இது கிட்டார் வம்சம், கிட்டாருக்கு ஆறு தந்தி என்றால் இதற்கும் ஆறு என்பது அவர் கட்சி. கைக்கு வந்த வாத்தியத்தில் தந்திகள் நெருக்கியடித்து நின்றது அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் திருப்தியடைய வருடங்கள் ஆயின. பிடிவாதத்தில் ஜாக்சனே பெரியவர் என்பேன். ஆனால் ஊரெல்லாம் பரவப்போனது ஜான்சனின் ஐந்து.

உடனே பரவிவிடவில்லை. எல்பி ரெக்கார்டு ஆழமான பேஸுக்குப் பகை. பள்ளம் அகன்று ஆடினால் முள் குதித்துவிடும் என்று பயந்து ரெக்கார்டை வெட்டுகிறவர்களே அடி ஒலியைக் குறைத்துவிடுவார்கள். ஜான்சன் வாசித்த ‘ஃபிளிம் அண்ட் தி பிபிஸ்’ குழுவோ 1978-லேயே மினியாபோலிஸின் சவுண்ட் 80 ஸ்டுடியோவில் டிஜிட்டலில் பதிவு செய்த முன்னோடிகளில் ஒன்று. முள் பயத்தை ஒழிக்கப்போகிற தொழில்நுட்பமும் புதிய தந்தியும் ஒரே ஆளிடம் சந்தித்தது தற்செயல்தான். இருந்தும் ஐந்து தந்தி என்பது காசும் ஆசையும் உள்ளவர்களின் தனி விளையாட்டாகவே இருந்தது. அதைத் தொழிற்சாலைக்குள் தள்ளிவிட்டது ஓர் எதிரி.

1970-ல் வந்த மினிமூக் சின்தசைசருக்குத் தந்தியும் இல்லை, எடைக் கணக்கும் இல்லை. எவ்வளவு கீழே என்றாலும் குமிழைத் திருப்பினால் போதும். பார்லமென்ட் குழுவிடம் பூட்ஸி காலின்ஸ் என்ற மகா பேஸ்காரர் இருந்தும், 1978-ல் அவர்களின் ‘ஃபிளாஷ் லைட்’ பாடலை அதிரவைத்த பேஸ், பெர்னி வோரெல் மினிமூக்கில் வாசித்தது. அடுத்த சில வருடங்களில் பாப் பாடல்களின் பேஸ் கீபோர்டுக்காரர் கைக்குப் போனது. பாடகர்களுக்கும் ஊதுகுழல்காரர்களுக்கும் ஈ ஃபிளாட் சுருதி தோது. அந்த ஈ ஃபிளாட்டோ நான்கு தந்தியின் கடைசிப் படிக்கு அரைப் படி கீழே கிடந்தது. கீபோர்டுக்காரர் இடது கையால் அலட்டிக்கொள்ளாமல் அதைத் தொடுவார். பேஸ்காரர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலை போகிறதென்றால் நான்கே போதும் என்ற தத்துவமும் தளரும்!

1980-களின் நடுவில் யமஹா பிபி5000 வந்தது. 1987-ல் மியூசிக் மேன் ‘ஸ்டிங்ரே 5’ வந்தது. இதற்கு மூலமான நான்கு தந்தி ஸ்டிங்ரே, 1976-ல் லியோ ஃபெண்டர் மியூசிக் மேனில் இருந்தபோது பிறந்தது. பிபி5000, ஸ்டிங்ரே 5 இரண்டிலும் ஐந்தாவது தந்தி கீழ்ப் பக்கம். ஸ்டுடியோவிலும் தேவாலய கோஸ்பெல் மேடையிலும் நான்கிலிருந்து ஐந்துக்கு மாறுகிற படலம் தொடங்கியது. 1990-களில் கோர்ன் குழுவின் ஃபீல்டி அதையும் ஒரு படி இறக்கி ஏ-யில் நிறுத்தினார்: நொடிக்கு 27.5 அதிர்வு, பியானோவின் இடக்கோடிக் கட்டை பேசும் ஸ்வரம்.

இளையராஜா பாடல்களில் பேஸ் ஓடும் ஓட்டத்தைக் காதால் பின்தொடர்ந்து வளர்ந்த இளைஞர் இன்று கடைக்குப் போனால், நான்கும் ஐந்தும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். ஐந்தைத் தோளில் மாட்டியதும் கை பழைய ஞாபகத்தில் கடைசித் தந்தியை ஈ என்று நம்பிப் போகும், பி உறுமும். அதைத் தொடாவிட்டாலும் தொல்லைதான்: மற்றதை வாசிக்க வாசிக்க அது தானாகக் கூடவே முனகும். அதை அடக்க வலது கைப் பெருவிரலை அதன் மேலேயே சாய்த்து வைத்துக்கொள்வார்கள். பி-யை வாசிக்கும்போது மட்டும் பெருவிரல், தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கு நகரும். அகலக் கழுத்தும் இந்தப் பெருவிரல் வித்தையும் ஒத்துவராதவர்கள் நான்கு தந்தி பேஸிலேயே ஜி-யைக் கழற்றிவிட்டு பி, ஈ, ஏ, டி என்று கட்டிக்கொள்கிறார்கள். தடித்த தந்திகள் உட்காருவதற்கு, கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட்டில் உள்ள பள்ளங்களைக் கொஞ்சம் அரத்தால் ராவ வேண்டியிருக்கும்.