இடையில் ஒரு பஞ்சு

டெஃப்லானைப் பிய்ப்பதற்குக் கைப்பக்குவம் வேண்டும். கம்பளி போலத் தடித்த வெள்ளைத் துண்டு அது. அதிகம் பிய்த்தால் தூசியாகும். குறைத்தால் கட்டியாக நிற்கும். இலவம்பஞ்சுப் பதத்துக்குக் கொண்டுவந்து, நனைத்து, சின்னச் சுருள்களாக டாக்டரிடம் நீட்ட வேண்டும். முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக நின்ற எனக்கு, முகத்துடிப்பின் சரித்திரம் இந்தப் பஞ்சுக்குள்தான் இருக்கிறது.

முகத்தின் ஒரு பக்கம் மட்டும் தானாக வெட்டி இழுக்கிற நோய் இது. பெரும்பாலும் கீழ் இமையில் ஆரம்பித்து, கன்னம், வாயோரம் என்று இறங்கும். தூக்கத்திலும் விடாது. ரேஷன் கடையில் பில் போடும் தம்பி ஒருவன், கண்ணடித்தான் என்று அடி வாங்கிய பிறகுதான் எங்களிடம் வந்தான். "இடது கண் துடிச்சா ஆம்பளைக்கு ஆகாதுன்னு ஆத்தா சொன்னது சரியாப்போச்சு சிஸ்டர்" என்றான்.

1875இல் ஷுல்ட்ஸே என்ற ஜெர்மன் மருத்துவர், இப்படித் துடித்த ஒருவரின் பிரேதப் பரிசோதனையில் கண்டதை எழுதினார். மூளைக்கு ஏறும் தமனி ஒன்று புடைத்து, முக நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. விடை அன்றே கையில் கிடைத்தது. ஆனாலும் அதற்கப்புறம் வெகுகாலம் தண்டனை நரம்புக்குத்தான். ஆல்கஹாலை ஊசியில் ஏற்றி மரக்கடித்தார்கள்; பாதி அறுத்தார்கள். துடிப்பு நிற்கும். கூடவே வாய் கோணும், கண் மூடாது. பக்கத்து வீட்டுக்காரன் சுவரை இடித்ததற்கு நம் வீட்டுப் பிள்ளையை உதைத்த மாதிரி.

1962இல் கிளீவ்லாந்தின் ஜேம்ஸ் கார்ட்னர், சாவா என்பவருடன் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, இது மீளக்கூடிய நிலை என்று சொன்னார். நரம்பை அறுக்கவே வேண்டாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். பெயரெல்லாம் பின்னால் வந்தவருக்குப் போனதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. ஆனால் பின்னால் வந்தவரிடம் மைக்ரோஸ்கோப் இருந்தது.

அவர் பீட்டர் ஜனெட்டா. 1966இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பயிற்சியில் இருந்தார். பல் மருத்துவ மாணவர்களுக்குக் காட்ட ஐந்தாவது மூளை நரம்பைப் பிரித்தபோது, அதன்மேல் ரத்தக்குழாய் படிந்திருப்பதைக் கண்டார். ஐந்தாவதுக்கு அப்படியென்றால் ஏழாவதான முக நரம்புக்கு? 1971இல் பிட்ஸ்பர்க் போனார். 1977இல், முகத்துடிப்புக்காக அறுவை செய்த 47 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். நோயில்லாதவர்களுக்கும்தானே அங்கே குழாய் இருக்கிறது என்று பலர் நம்ப மறுத்தார்கள்.

வேலை இதுதான்: காதுக்குப் பின்னால் எலும்பில் சிறு துளை, சிறுமூளையைப் பூப்போல ஒதுக்கி, நரம்பு மூளைத்தண்டைவிட்டுப் புறப்படும் இடத்தில் தமனியைத் தூக்கி, நடுவே ஒரு தடுப்பு. முதலில் தசைத்துண்டு வைத்தார்கள், அது கரைந்துபோகும். பிறகு ஸ்பாஞ்சு, அப்புறம் டெஃப்லான். அறுவைக்குப் பதிலாக, 1989இல் அமெரிக்கா அனுமதித்த போட்டுலினம் ஊசியும் உண்டு. மூன்று நான்கு மாதத்துக்கொரு முறை போட வேண்டும்.

பயம் காதைப் பற்றி. கேட்கும் நரம்பு ஒட்டியே போகிறது. அதனால் மயக்கத்தில் இருப்பவர் காதில் டிக் டிக்கென்று ஒலி கொடுத்து மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருப்போம். பிட்ஸ்பர்க்கில் ஆகே மொல்லர் இன்னொன்றும் கொண்டுவந்தார். இந்த நோய் உள்ளவருக்கு முக நரம்பின் ஒரு கிளையைத் தூண்டினால், சம்பந்தமில்லாத வேறொரு தசையும் பதில் சொல்லும். தமனி விலகியதும் மானிட்டரில் அந்தப் பதிலின் அலை படுத்துவிடும்.

ரேஷன் கடைத் தம்பிக்கும் படுத்தது. மறுநாள் காலை பார்த்தால் இமை துடித்துக்கொண்டிருக்கிறது. "பஞ்சு சரியா பிய்க்கலியா சிஸ்டர்?" என்றான். சிலருக்கு அடங்க நாளாகும் என்று தெரிந்தும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவனுக்கு இரண்டு மாதம் ஆயிற்று.