கஸ்ஸாலி இமாமின் நாவு கட்டுண்ட அந்த ஆறு மாதம்

கொஞ்சம் நீளமான பதிவு. இஷா தொழுதுவிட்டு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

ஹிஜ்ரி 488, ரஜப் மாதம். ஆங்கிலக் கணக்கில் 1095 ஜூலை. பக்தாதின் நிழாமிய்யா மத்ரஸாவில் 300 மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியருக்கு நாவு கட்டிக்கொண்டது. மாணவர்கள் மனம் நோகக்கூடாதே என்று ஒரு நாளாவது பாடம் நடத்த முயன்று பார்க்கிறார். ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. பிறகு சாப்பாடும் இறங்கவில்லை. ஒரு மிடறு தண்ணீர், ஒரு கவளம் சோறு என்றாலும் செமிக்கவில்லை. உடம்பு மெலிந்துகொண்டே போகிறது.

அவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). பாரசீகத்தின் தூஸ் நகரில் 1058இல் பிறந்தவர். ஸெல்ஜூக் ஆட்சியின் பெரிய மந்திரி நிழாமுல் முல்க் அவரைத் தேடிப்பிடித்து 1091இல் பக்தாதுக்கு ஆசிரியராக அனுப்பினார். அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய ஆசிரியர் பதவி இல்லை என்றே சொல்லலாம். நோய் வந்தபோது வயது 37. எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் இருக்கிறவர்களில் பாதிப்பேர் அந்த வயதுதான்.

இதை வேறு யாரும் கட்டிச் சொல்லவில்லை. கடைசிக் காலத்தில் எழுதிய 'அல்-முன்கித்' என்ற சிறிய நூலில் அவரே எழுதி வைத்திருக்கிறார். வைத்தியர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் ஒளிக்கவில்லை. இது உள்ளத்தில் இறங்கி அங்கிருந்து உடம்புக்குப் பரவிய நோய், உள்ளத்தின் கவலை தீராமல் மருந்து கொடுத்துப் பயனில்லை என்று அவர்கள் கைவிரித்தார்கள். உலகம் 'ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்' என்று அழைக்கிற ஒருவரைப் பற்றிய வைத்திய அறிக்கை இது. யாரும் அவரைப் பார்த்து "உங்களுக்கு ஈமான் பலவீனம்" என்று சொன்னதாக அதில் இல்லை.

இந்த வரலாற்றை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தரம் 5 புலமைப்பரிசில், ஓ.எல்., ஏ.எல். என்று பிள்ளைகளின் வருடம் முழுக்கப் பரீட்சையாகப் போகிறது. வகுப்பில் நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று வாய் திறக்காமல் போவதை நாங்கள் பார்க்கிறோம். சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பிப் போகிறது. வீட்டில் கேட்டால் முதல் பதில் கண்ணூறு. தண்ணீர் ஓதிக் கொடுக்கிறார்கள், நூல் கட்டுகிறார்கள். ஓதிப் பார்ப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. குர்ஆன் ஷிபா என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதோடு நின்று, வைத்தியரிடம் போவோம் என்றால் "எங்கள் பிள்ளை என்ன பைத்தியமா?" என்று கோபிக்கிறார்களே, அங்கேதான் பிரச்சினை. 'அங்கொடை' என்ற ஊரின் பெயரையே நம் நாட்டில் ஏச்சுப் பேச்சாக்கி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள்.

இன்னொரு பக்கம், போனைத் திறந்தால் 'உங்களை நீங்களே கவனியுங்கள்' என்று விளம்பரம். மூன்று நாளில் முகம் பளபளக்க ஒரு கிறீம், மனம் தெளிய ஒரு வாசனை மெழுகுவர்த்தி. தன்னைக் கவனிப்பது என்றால் வெள்ளைக்காரர் கண்டுபிடித்த செலவான பழக்கம் என்று நம்மவர்கள் நினைப்பதற்கு இதுவும் காரணம். நம்முடைய புத்தக அலுமாரியில் இதற்கு எவ்வளவு பழைய இடம் இருக்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

ஸஹாபாக்கள் காலத்துக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறோம். ஸல்மானுல் பாரிஸி (ரழி) தன் சகோதரர் அபூதர்தா (ரழி) வீட்டுக்குப் போகிறார். அவரோ பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. மனைவி கவலையோடு இருக்கிறார். ஸல்மான் அவரைச் சாப்பிட வைத்தார், இரவில் தூங்க வைத்தார், கடைசிப் பகுதியில் எழுப்பிச் சேர்ந்து தொழுதார். விஷயம் நபி (ஸல்) அவர்களிடம் போனபோது, ஸல்மான் சொன்னதுதான் சரி என்றார்கள். புகாரியில் பதிவான சம்பவம். தூக்கமும் சாப்பாடும் மார்க்கத்துக்கு வெளியே இருக்கிற விஷயங்கள் அல்ல என்பது அன்றே முடிந்துபோன வழக்கு.

நம் ஊரில் அதிகம் பேசப்படாத மனிதர் ஒருவர் இருக்கிறார். அபூ ஸைத் அல்-பல்கி. இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்க் பகுதியில் ஷாமிஸ்தியான் என்ற கிராமத்தில் கி.பி. 850 அளவில் பிறந்து 934இல் வபாத்தானவர். கஸ்ஸாலிக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தியவர். அவருடைய வாப்பா சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த ஒரு பள்ளி ஆசிரியர். (ஆசிரியர் பிள்ளைகள் உருப்படமாட்டார்கள் என்று சொல்கிறவர்கள் கவனிக்க.) வாலிப வயதில் ஹாஜிகளோடு சேர்ந்து நடந்தே இராக் போய், எட்டு வருடம் தங்கிப் படித்துவிட்டுத் திரும்பினார். பூமிப் படங்கள் வரைந்ததால் புவியியல்காரர்களுக்கு அவர் பெயர் தெரியும். மந்திரிப் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்று சொன்னவர். புகாராவிலிருந்து அமீர் அழைத்தபோது ஜைஹூன் ஆற்றைக் கண்டுவிட்டு, என் அறிவை நம்பித்தான் அழைத்தீர்கள், அந்த அறிவுதான் இந்த ஆற்றைக் கடக்க விடவில்லை என்ற கருத்தில் பதில் அனுப்பினார் என்றும் ஒரு செய்தி உண்டு. தன் எல்லை தெரிந்த மனிதர்.

அவர் எழுதிய நூலின் பெயர் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்புஸ்'. உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் தருபவை என்று பொருள் கொள்ளலாம். முதல் பாகம் உடலுக்கு, 14 அத்தியாயங்கள். காற்று, தண்ணீர், வீடு, உணவு, தூக்கம், குளிப்பு, உடற்பயிற்சி எல்லாம் அதில் வரும். இரண்டாம் பாகம் உள்ளத்துக்கு, 8 அத்தியாயங்கள். கோபம், பயம், துக்கம், வஸ்வாஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அத்தியாயம். வைத்தியர்கள் உடம்பைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு உள்ளத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய முறைப்பாடு. ஒரு மனிதனுக்கு வருடக்கணக்கில் காய்ச்சல் தலையிடி வராமல் போகலாம், ஆனால் கோபமோ கவலையோ வராத நாள் இருக்காது, அப்படியென்றால் எதற்கு அதிகம் தயாராக இருக்கவேண்டும் என்று கேட்கிறார்.

அவர் சொன்ன வழிகளில் ஒன்று எங்கள் வகுப்பறைக்கே சொன்னதுபோல இருக்கிறது. அவசரத்துக்கு வீட்டில் மருந்து வைத்திருக்கிறோம் அல்லவா, அதேபோல மனம் அமைதியாக இருக்கிற நாளில் நல்ல, தெளிவான எண்ணங்களைச் சேர்த்து வைத்துக்கொள், கலங்குகிற நாளில் எடுத்துப் பாவிக்கலாம் என்கிறார். கலங்கிய பிறகு தேடினால் கிடைக்காது. பரீட்சை மண்டபத்தில் போய்ப் பிள்ளைக்குத் தைரியம் சொல்லிப் பார்த்த எல்லோருக்கும் இதன் அர்த்தம் புரியும்.

துக்கத்தை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று: ஒரு மௌத்து, ஒரு நட்டம். காரணம் தெரியாமல் வருகிற துக்கம் மற்றது. முதலாவதற்குச் சிந்தனையும் ஆறுதல் பேச்சும் மருந்து. இரண்டாவது உடம்பிலிருந்து, இரத்தத்திலிருந்து வருகிறது, அதற்கு உடம்புக்கும் வைத்தியம் செய்யவேண்டும் என்கிறார். இரத்தம் பற்றிய அவருடைய விளக்கம் அந்தக் காலத்து வைத்தியம், அதை இன்று அப்படியே எடுக்க முடியாது. ஆனால் "அவளுக்கு என்ன குறை, எல்லாம் கொடுத்துத்தானே வைத்திருக்கிறோம், எதுக்கு அழுகிறாள்?" என்று கேட்கிற பெற்றோருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருடங்களுக்கு முன்பே ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். காரணம் தெரியாத துக்கம் என்று ஒன்று உண்டு.

இந்த நூல் கையெழுத்துப் பிரதியாக இஸ்தன்பூலில் கிடந்தது. 1984இல் புஆத் ஸெஸ்கின் அதைப் படிப்பிரதியாக வெளியிட்டார். சூடானைச் சேர்ந்த உளவியலாளர் மாலிக் பத்ரி உள்ளம் பற்றிய பாகத்தை ஆங்கிலமாக்கி 2013இல் வெளியிட்டார். தமிழில் யாராவது செய்தால் நம் சமூகத்துக்குப் பெரிய உபகாரம்.

கஸ்ஸாலி இமாமுக்குத் திரும்புவோம். போவதா, இருப்பதா என்று ஏறக்குறைய ஆறு மாதம் தவித்தார். ஒரு காலை முன்னே வைத்தால் மறு காலைப் பின்னே வைத்தார். தன் நிய்யத்தைத் தோண்டிப் பார்த்தபோது, சொல்லிக்கொடுப்பது அல்லாஹ்வுக்காக அல்ல, பேருக்காகவும் புகழுக்காகவும் என்று கண்டதாக எழுதுகிறார். அதுதான் நோயின் வேர். நவம்பரில் பக்தாதை விட்டார். குடும்பத்துக்குத் தேவையானதை வைத்துவிட்டு மற்றச் சொத்தைப் பங்கிட்டுக் கொடுத்தார். பாடம் நடத்தும் பொறுப்பைத் தம்பி அஹ்மத் ஏற்றார். டமஸ்கஸில் பெரிய பள்ளியின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுதும் இருப்பார். பிறகு பைத்துல் முகத்தஸ், ஹஜ். கடைசியில் பிள்ளைகளின் அழைப்பு ஊருக்கு இழுத்தது என்பதையும் அவரே சொல்கிறார். வீட்டுக் கவலைகள் தனிமையைக் குழப்பின என்று எழுதுகிற இடத்தில் அவர் நமக்கு மிகவும் பக்கத்தில் வந்துவிடுகிறார்.

இந்த மினாராக் கதையை மட்டும் வெட்டியெடுத்து 'தனித்திரு' என்று பகிர்கிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. வஸ்வாஸ் பிடித்தவர் தனிமையை விட்டு மனிதர்களோடு இருக்கவேண்டும் என்பது பல்கியின் அறிவுரை. அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கிற 16 வயதுப் பிள்ளை கஸ்ஸாலி அல்ல. அந்தக் கதவைத் தட்டத்தான் வேண்டும்.

அந்தப் பயணக் காலத்தின் பெரிய பலன் 'இஹ்யா உலூமித்தீன்'. 40 நூல்கள் கொண்ட தொகுப்பு. அதில் 38ஆவது முராகபா, முஹாஸபா பற்றியது. தன்னைக் கவனித்தல், தன்னைக் கணக்குப் பார்த்தல். இதை அவர் விளக்குகிற விதம் நம்மைப் போன்ற வியாபாரச் சமூகத்துக்கு ஒரு நிமிடத்தில் பிடிபடும். பங்காளியோடு கடை போடுகிறவன் முதலில் நிபந்தனை பேசுகிறான், பிறகு கண்காணிக்கிறான், கடைசியில் கணக்கை முடிக்கிறான். மனிதனுக்கு நஃப்ஸ்தான் பங்காளி, ஆயுள்தான் முதல். சுபஹுக்குப் பின் கொஞ்ச நேரம் அதனோடு நிபந்தனை பேசு, இரவில் கணக்குப் பார். புறக்கோட்டையில் கடை வைத்திருக்கிற நம்மவர்கள் இரவில் காசு எண்ணாமல் கதவு பூட்டமாட்டார்கள். இமாம் கேட்பது அந்தப் பத்து நிமிடம் மாதிரி ஒன்றைத்தான்.

பிரகாசம் என்று அவர் சொன்னதையும் குறிப்பிட வேண்டும். 1095க்கு முன்னரே ஒருமுறை அவருக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வந்து, கண்ணால் காண்பதையும் அறிவையும்கூட நம்ப முடியாமல் ஏறக்குறைய இரண்டு மாதம் கஷ்டப்பட்டார். அது தர்க்கத்தால் தீரவில்லை, அல்லாஹ் உள்ளத்தில் போட்ட ஒளியால் தீர்ந்தது என்கிறார். இஹ்யாவில் உள்ளத்தைக் கண்ணாடிக்கு ஒப்பிடுகிறார். ஒளி வெளியிலிருந்து வருகிறது, துடைத்து வைப்பது நம் வேலை. கிறீம் விளம்பரம் இதைத் தலைகீழாகச் சொல்கிறது.

பிற்காலத்தில் உதுமானியர்கள் இதைக் கட்டடமாகவே கட்டினார்கள். 1488இல் முடிந்த எதிர்னே நகரின் இரண்டாம் பாயஸீத் வைத்தியசாலையில், மன நோயாளிகளுக்கு இசையும் மலர் வாசமும் தண்ணீர் ஓசையும் சிகிச்சையாக இருந்ததைப் பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி எழுதியிருக்கிறார். இன்று அது அருங்காட்சியகம். பள்ளிவாசலும் வைத்தியசாலையும் ஒரே வளவில் இருக்கின்றன.

கஸ்ஸாலி இமாம் 1106இல் நைஸாபூரில் மறுபடி பாடம் நடத்த வந்தார். பிறகு தூஸில் தன் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு மத்ரஸாவும் ஒரு தங்குமிடமும் அமைத்து, 1111இல் வபாத்தாகும் வரை ஓதலுக்கும், நல்லவர்களோடு இருப்பதற்கும், பாடத்துக்கும் நேரத்தைப் பங்கிட்டு வாழ்ந்தார்.

பெற்றோருக்கு: பிள்ளையின் பேச்சு, சாப்பாடு, தூக்கம் இந்த மூன்றில் மாற்றம் கண்டால் முதலில் வகுப்பாசிரியரிடம் அல்லது பாடசாலையின் உளவளத்துணை ஆசிரியரிடம் வாருங்கள். தேசிய உளநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926. இரவிலும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். இந்தப் பதிவின் கீழே பிள்ளைகளின் பெயரை எழுத வேண்டாம். தனியே மெசேஜ் அனுப்புங்கள், அல்லது அஸருக்குப் பிறகு பாடசாலைக்கு வாருங்கள். நாங்கள் இருப்போம்.