ஆசிரியர் பணிச்சோர்வு

ஆசிரியர் பணிச்சோர்வு என்பது கற்பித்தல் பணியில் நீடிக்கும் மன அழுத்தத்தால் ஆசிரியருக்கு உண்டாகும் உளத்தளர்ச்சி. கல்வி உளவியல் இதை ஆசிரியர் நலம், கற்பித்தல் தரம், மாணவர் நலம் ஆகியவற்றுடன் இணைத்து ஆராய்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில், பணிச்சோர்வு நோயாக அன்றிப் பணிசார் நிகழ்வாகவே இடம்பெற்றுள்ளது.

கூறுகள்: உணர்வுச் சோர்வு, மாணவரிடம் ஒட்டாத மனநிலை, சாதனை உணர்வு குன்றுதல் ஆகிய மூன்று. மிகுந்த பணிச்சுமை, வகுப்பு ஒழுங்குச் சிக்கல்கள், நிர்வாக ஆதரவின்மை ஆகியன முக்கியக் காரணங்கள்.

வரலாறு: 1974-இல் அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர் பணிச்சோர்வு பற்றி எழுதினார். கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகியோர் 1981-இல் அதை அளக்கும் வினாநிரலை வெளியிட்டனர். பின்னர் கல்வியாளர்களுக்கெனத் தனி வடிவம் உருவானது.

கற்பித்தலுடன் தொடர்பு: ஜெர்மானிய ஆய்வு மரபு கற்பித்தல் தரத்தை வகுப்பு மேலாண்மை, மாணவர் ஆதரவு, சிந்தனைத் தூண்டல் என மூன்றாகப் பகுக்கிறது. இக்கூறுகளை ஆசிரியரின் நிலையும் பாதிக்கலாம்: ஆய்வாளர்கள் ஜென்னிங்ஸ், கிரீன்பெர்க் ஆகியோரின் 2009-ஆம் ஆண்டு மாதிரிப்படி, ஆசிரியரின் நலம் குன்றினால் வகுப்பறை உறவும் ஒழுங்கும் சீர்குலையும். அச்சீர்குலைவு ஆசிரியரை மேலும் சோர்வாக்கும்.

முக்கியத்துவம்: கனடாவில் 4 முதல் 7 வரையிலான வகுப்புகளில் மாணவரின் உமிழ்நீரைச் சோதித்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. சோர்வு மிகுந்த ஆசிரியரின் வகுப்புகளில், மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் சுரப்பு காலையில் கூடுதலாக இருந்தது. எது காரணம், எது விளைவு என்பதை இத்தொடர்பு மட்டும் நிறுவுவதில்லை.