நங்குரக்கல்

திருமுக்கூடலிற் பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றாகின்றன. அங்ஙனம் கூடிய நீர் வாயலூர்ப் பக்கத்தே கடலொடு கலக்கின்றது. அவ்வாற்றுமுகத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் 1970-ஆம் ஆண்டு நிகழ்ந்த அகழாய்வு, மேலைநாட்டு மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகளை வெளிப்படுத்திற்று. காஞ்சியைச் சூழ்ந்த நாட்டிற்கும் கடல் வாணிகத்திற்கும் இருந்த தொடர்பு இதனாற் பெறப்படும். இத்தகைய துறைகளிற் கலங்களை நிலைநிறுத்தியது யாது என ஆராய்தல், பழைய பாட்டொன்றின் சொற்பொருளைத் துணிதற்கும் துணையாகும்.

சிறு படகிற்குத் தறி போதும். உப்பு விற்று நெல் கொண்டு மீண்ட படகுகள் பந்தியிற் குதிரைகள்போலக் கழியிற் பிணிக்கப்பட்டமையைப் பட்டினப்பாலை கூறும். ஆழ்நீரிலோ தறி நாட்டல் அரிது. ஆண்டுக் கல்லே தறியாயிற்று.

மதுரைக்காஞ்சியில், கடுங்காற்றிற் கயிறு அற்று, பாய் கிழிந்து, கூம்பு முறியச் சுழியிற்பட்ட நாவாய் ஒன்று உவமையாக வருகின்றது. அது பொருததாகக் கூறப்படும் 'கல்' யாது? கடற்பாறை எனக் கொள்ளுதலும் கூடும். நச்சினார்க்கினியரோ நங்குரக்கல் என்றே உரை கண்டார். அவ்வுரையே சிறந்தது என்பதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, உவமிக்கப்பட்ட பொருள். அந்நாவாய் போன்றது கட்டுத்தறியை விட்டு நீங்கித் திரியும் மதயானை. யானைக்குத் தறி எவ்வாறோ, நாவாய்க்கு நங்குரக்கல் அவ்வாறு. பாறை எனின் இவ்வொப்புமை குன்றும்.

இரண்டாவது, கல்லின் இயல்பு. 100 கிலோ எடையுள்ள கருங்கல் நீருள் ஏறத்தாழ 63 கிலோ அளவிற்கே நிற்கும். செங்கல் ஏறத்தாழப் பாதியை இழக்கும். இரும்பு 87 கிலோ அளவிற்கு நிற்கும். இரும்பு அரிதாய் இருந்த காலத்துக் கருங்கல்லே தக்க பொருள். ஆயினும் காற்றின் விரைவு இருமடங்கானால் அது கலத்தைத் தள்ளும் விசை நான்மடங்காகும்; கல்லின் எடையோ மாறாது. ஆகவே பெரும்புயலில் எடை ஒன்றையே நம்பிய கல் இழுபடும். நாவாய் கல்லொடு பொருது அலைந்தது என்னும் உரை இந்நிகழ்ச்சிக்கு முற்றும் இயையும்.

இக்குறையை நீக்கவே பிற்காலத்தார் கல்லொடு மரத்தைக் கூட்டினர். இந்திய அராபிய வகை எனப்படும் இடைக்கால நங்கூரம் நீண்ட கற்றூண் வடிவினது. மேலே கயிற்றுக்கு ஒரு துளையும், கீழே ஒன்றற்கொன்று குறுக்காக இரு சதுரத் துளைகளும் அதற்கு உண்டு. அத்துளைகளிற் செருகிய மரக்கைகள் கடலடி மண்ணைப் பற்றும். இவ்வகைக் கற்கள் துவாரகைப் பகுதியிலும் இலங்கைக் காலித் துறையிலும் கிடைத்துள்ளன.

நங்குரம் என்னும் சொல் பாரசீக 'லங்கர்' என்பதனொடு உறவுடையது. பதினான்காம் நூற்றாண்டினராகக் கருதப்படும் உரையாசிரியர் அப்புதுச் சொல்லோடு பழைய 'கல்'லையும் சேர்த்தே வழங்கினார். பெயர் கடல்கடந்து வந்தது. பொருள் நம் மலைகளிலேயே இருந்தது. ஆதலின் நம் கடற்கரையூர்களில் துளையிட்ட நெடுங்கல் காணப்படின், அதனை வாயிற்படி என்றோ எல்லைக்கல் என்றோ எளிதிற் கடந்து செல்லாது, துளைகளின் வடிவையும் திசையையும் அளந்து குறித்தல் ஆராய்வார் கடன். உரையாசிரியர் காட்டிய பொருளுக்குக் கண்கூடான சான்று அங்ஙனமே கிட்டும்.